தொண்டர்களின் கார்களும் ஒரு தொலைபேசியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பெங்களூரு அல்சூரில் நாங்கள் சில குடும்பத்தினர் சேர்ந்து, வாகன வசதி இல்லாத முதியவர்களையும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும் எங்கள் சொந்தக் கார்களில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினோம். ஊரடங்கு முடிந்த பின்னும் அழைப்புகள் குறையவில்லை. தெருவில் எல்லாரும் அக்கா என்று அழைக்கும் ஒருவர்தான் இத்தனை ஆண்டுகளாக அழைப்புகளை எடுத்து, யார் வண்டி எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிறார். அவருக்கு உடல்நிலை சரியில்லாத நாட்களில் எல்லாமே நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் பலர் இருந்தாலும் வண்டி எடுப்பவர்கள் சிலரே. பெட்ரோல் செலவும் அவரவருடையது. இப்போது ஒருவர் தம் பழைய வேனைத் தருவதாகச் சொல்கிறார். அதை வாங்கிக்கொண்டு முறையான அமைப்பாக மாறிவிடலாமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அம்மா, வேனை இப்போது வாங்கிக்கொள்ளாதீர்கள். கொடுப்பவரின் நல்ல மனத்தை மதித்து, ஓராண்டு கழித்துப் பேசலாம் என்று சொல்லிவையுங்கள். வண்டி வந்த அன்றே அதற்குக் காப்பீடு, தகுதிச் சான்று, பழுதுபார்ப்பு, ஓட்டுநர் சம்பளம், அல்சூரின் குறுகிய தெருக்களில் நிறுத்த ஓர் இடம் என்று மாதாந்தரச் செலவுகள் வரிசையாக வரும். அத்தனை செலவு செய்தும், ஒரு வேன் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் போக முடியும். உங்களிடம் உதவி கேட்பவர்களோ, ஒருவர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் இன்னொருவர் பௌரிங் மருத்துவமனைக்கும் மற்றொருவர் ஜெயதேவா இதய மருத்துவமனைக்கும் ஒரே காலையில் போக வேண்டியவர்கள். பல திசைகளில் சிதறிக் கிடக்கும் பயணங்களுக்குப் பல சிறிய வண்டிகளே பொருத்தம். அவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

உங்களிடம் இல்லாதது, அந்த அக்காவுக்கு மாற்றாக நிற்கக்கூடிய ஏற்பாடு. யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யார் வீட்டில் மாடிப்படி இறங்க ஆள் பிடிக்க வேண்டும், எந்தத் தொண்டர் செவ்வாய்க்கிழமைகளில் வருவார் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவருடைய அர்ப்பணிப்பை நான் மிக உயர்வாக நினைக்கிறேன். அதனாலேயே, அவர் ஒருவரை மட்டும் நம்பி இத்தனை நோயாளிகள் இருப்பது அவருக்கும் நியாயமன்று, அவர்களுக்கும் நியாயமன்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் வேலை, அவர் நினைவில் இருப்பதை ஒரு பதிவேட்டுக்கு மாற்றுவது. மூன்று மாதங்களுக்கு ஒவ்வோர் அழைப்பையும் எழுதுங்கள்: யார், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யார் வண்டி எடுத்தார். முக்கியமாக, வண்டி கிடைக்காமல் மறுத்த அழைப்புகளையும் தவறாமல் எழுதுங்கள். பிறகு நன்கொடையாளர் ஒருவர் முன்னால் நீங்கள் உட்காரும்போது, போய்வந்த பயணங்களைவிட, போக முடியாமல் போன பயணங்களின் பட்டியலே உங்கள் தேவையை அதிகமாக விளக்கும்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்ததும் இரண்டு வகையான பயணங்கள் இருப்பது தெரியவரும். ஒன்று, எப்போதாவது வரும் பரிசோதனைப் பயணம். மற்றொன்று, டயாலிசிஸ் போன்ற நிலையான பயணம். இரண்டாவது வகையின் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல்தான் பெரும்பாலான தொண்டர் குழுக்கள் களைத்துப்போகின்றன. வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு ஆண்டில் 156 முறை போக வேண்டும். போகவும் வரவும் சேர்த்தால் 312 பயணங்கள். அத்தகையவர் பத்துப் பேர் இருந்தால் ஆண்டுக்கு 3,120 பயணங்கள். ஒரு முறை சிகிச்சை ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடக்கும். தொடங்குவது தாமதமானால் முடிவதும் தள்ளிப்போகும். முடிந்து வெளியே வருபவர் இரத்த அழுத்தம் குறைந்து தளர்ந்திருப்பார் என்பதால், அவரைப் பேருந்தில் போகச் சொல்லவும் முடியாது. இவ்வளவையும் விடுமுறை நாட்களில் ஓய்வு நேரத்தைத் தரும் நல்லவர்களின் தோளில் வைத்தால், ஒரு பருவம் தாங்குவார்கள். அடுத்த பருவத்தில் குழுவில் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

என் கருத்து இதுதான்: நிலையான பயணங்களுக்குக் கூலி கொடுத்து வண்டி அமர்த்துங்கள், மாறிமாறி வரும் பயணங்களுக்குத் தொண்டர்களை வைத்துக்கொள்ளுங்கள். அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஆட்டோ ஸ்டாண்டுகளுக்குக் குறைவில்லை. உங்கள் பகுதியில் நம்பகமான ஆட்டோ அல்லது மஞ்சள் போர்டு டாக்சி ஓட்டுநர் ஒருவரிடம், குறிப்பிட்ட நாட்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு இன்னாரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மாத வாடகை பேசி, அதை அமைப்பின் நிதியிலிருந்து கொடுங்கள். அவருக்கு உறுதியான வருமானம், நோயாளிக்கு உறுதியான வண்டி. தொண்டர் நேரம் மிச்சமாகி, திடீரென வரும் மற்ற அழைப்புகளுக்குப் போகும்.

அடுத்தது தொலைபேசி. அமைப்பின் முதல் சம்பளம் ஓட்டுநருக்கோ மேலாளருக்கோ போகக் கூடாது. அழைப்பை எடுத்து அட்டவணை போடுபவருக்கே போக வேண்டும். அந்தப் பகுதியிலேயே அரைநாள் வேலை தேடும் இரண்டு பெண்களைப் பொறுப்பில் வைத்து, ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் பார்க்கும்படி செய்யுங்கள். அமைப்பின் பெயரில் தனி எண் ஒன்று இருக்கட்டும். அழைப்பு நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், அவசரம் என்றால் 108 ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும் என்ற மூன்று விதிகளை அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். மூச்சுத்திணறலோடு இருப்பவரைத் தொண்டரின் காரில் ஏற்றுவது இரக்கம் போலத் தோன்றினாலும், வழியில் பிராணவாயு கொடுக்கவோ முதலுதவி செய்யவோ அந்தக் காரில் எதுவும் இல்லை. இந்த விதியில் மட்டும் யாருக்காகவும் தளர்வு காட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் கேட்டு அழைக்கும் எல்லாருக்கும் கார்தான் வேண்டும் என்பதில்லை. அல்சூரில் மெட்ரோவின் ஊதா வழித்தடம் 2011 முதல் இருக்கிறது; நிலையத்தில் மின்தூக்கியும் உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தின் கீழ்ச் சாதாரணப் பேருந்துகளில் மாநிலப் பெண்களுக்குக் கட்டணமில்லை. மெல்ல நடக்கக்கூடிய பாட்டி ஒருவர், இவையெல்லாம் இருந்தும் கார் கேட்கிறார் என்றால், பல நேரங்களில் அவர் அஞ்சுவது பயணத்தை அன்று. மருத்துவமனைக்குள் எந்த வரிசையில் நிற்பது, கன்னடத்தில் எழுதியிருக்கும் பலகையில் என்ன இருக்கிறது, சீட்டு எங்கே வாங்குவது என்பவற்றையே. தமிழும் கன்னடமும் தெரிந்த கல்லூரி மாணவி ஒருவர் உடன் போனால் அவருக்குப் போதும். உங்கள் தொண்டர் பட்டியலில் வண்டி இல்லாதவர்களுக்கும் இப்படி இடம் கொடுங்கள்; துணைக்கு வருபவர்கள் என்ற ஒரு பிரிவு உருவானாலே வண்டிக்கான நெருக்கடி கணிசமாகக் குறையும்.

கேள்வி: நாங்களும் இப்படி உதவுகிறோம். பயணிகளிடம் பெட்ரோலுக்கு மட்டும் பணம் வாங்கினால் தவறா? லாபம் எதுவும் இல்லையே?
– வாசகர், காக்ஸ் டவுன், பெங்களூரு

பதில்: லாபம் இல்லை என்பது உங்கள் மனத்துக்கு நிறைவு தரும், சட்டம் பார்ப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி வாடகைக்கோ பிரதிபலனுக்கோ பயணிகளை ஏற்றும் வண்டிக்கு அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட், இருக்க வேண்டும். வெள்ளை போர்டு கார்களுக்கு அது இல்லை. அனுமதியில்லாமல் ஓட்டினால் சட்டத்தில் சொல்லப்பட்டுள்ள அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தனியார் கார்களுக்கான பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதை விலக்கியே எழுதப்படுகிறது. விபத்து நடந்து, பயணி பணம் கொடுத்தார் என்று தெரியவந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வழி பிறந்துவிடும். சுமை முழுவதும் வண்டி எடுத்த தொண்டரின் குடும்பத்தின் மீது விழும். நன்மை செய்யப் போனவர் வீட்டை விற்கும் நிலைக்கு வரக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பணம் வாங்காவிட்டாலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். சட்டத்துக்குப் போதுமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த காரில் இலவசமாகப் பயணம் செய்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. பேக்கேஜ் பாலிசி என்று சொல்லப்படும் முழுக் காப்பீட்டில்தான் உள்ளே இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே முழுக் காப்பீடு நடப்பில் உள்ள வண்டியையே பட்டியலில் சேருங்கள். பாலிசியின் நகலையும் ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் ஆண்டுதோறும் வாங்கி வையுங்கள். முடிவடையும் தேதியைப் பதிவேட்டில் குறித்து, அதற்கு முன் மாதத்திலேயே நினைவூட்டுங்கள்.

பெட்ரோலுக்கு வழி இதுதான். பயணத்தையும் பணத்தையும் முற்றிலுமாகப் பிரித்துவிடுங்கள். பயணி யாரிடமும், வண்டிக்குள்ளோ வாசலிலோ, எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்க விரும்புவோர் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு, எந்தப் பயணத்தோடும் தொடர்பில்லாமல், விரும்பிய தொகையை நன்கொடையாகச் செலுத்தலாம். கொடுத்தவருக்கு முன்னுரிமையோ கொடுக்காதவருக்கு மறுப்போ இருக்கவே கூடாது. அந்த நிதியிலிருந்து, கேட்கும் தொண்டருக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் எரிபொருள் செலவை, அதற்கு மேல் ஒரு பைசாவும் சேர்க்காமல், திருப்பிக் கொடுங்கள். இந்த ஏற்பாட்டை விளக்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, எழுத்து வழியான பதிலை வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

பிரிட்டனில் 1985ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, லாப நோக்கமற்ற அமைப்புகள் தனி அனுமதி பெற்று, கட்டணமும் வாங்கிக்கொண்டு சிற்றுந்து ஓட்ட இடமளிக்கிறது. அங்குள்ள சமூகப் போக்குவரத்து அமைப்புகள் அந்த அடித்தளத்தின் மீதுதான் வளர்ந்தன. நம் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லாததால், அவர்களுடைய கட்டண முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் மஞ்சள் போர்டு வண்டியும் பெர்மிட்டும் அவசியம். அப்போது ஓட்டுநர் பற்றிய கவலை சற்றுக் குறையும்: 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தை, இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

கேள்வி: அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா, சங்கமாகப் பதிவு செய்வதா? நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கிடைக்குமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: அறக்கட்டளை எளிது, பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் முடிந்தது. ஆனால் அறங்காவலர்களைத் தேர்தல் மூலம் மாற்றும் கட்டாயம் அதில் இல்லை. பத்திரத்தில் எழுதியபடியே நடக்கும். பலருடைய உழைப்பில் ஓடும் போக்குவரத்துக் குழுவுக்கு நான் சங்கத்தையே பரிந்துரைப்பேன். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் ஆகியவற்றைப் பதிவாளருக்கு ஆண்டுதோறும் தர வேண்டும். இது சுமை என்று பலர் தயங்குகிறார்கள்; வண்டி ஓட்டுபவர்களும் பயணிகளின் குடும்பத்தினரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்க இதுவே வாய்ப்பு என்பதால் நான் இதை வரவேற்கிறேன். பயணிகள் குடும்பத்திலிருந்து இருவரையாவது செயற்குழுவில் வையுங்கள். நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் நிறுவனமாகப் பதிவு செய்வதும் உண்டு. ஆனால் அதன் தாக்கல்களுக்கு ஆகும் ஆடிட்டர் செலவை உங்கள் அளவிலான குழு இப்போது ஏற்க வேண்டியதில்லை.

பதிவானதும் அமைப்பின் பெயரில் வரிக்கணக்கு எண்ணும் வங்கிக் கணக்கும் எடுத்து, வருமானவரித் துறையில் 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி என்று பரவலாக அறியப்படும் பதிவுகளுக்கு விண்ணப்பியுங்கள். 80ஜி இருந்தால் கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்கும். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சமூகப் பொறுப்பு நிதியை இப்போது நம்ப வேண்டாம். பெங்களூரில் பெருநிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுள் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் செலவிட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணத்தைப் பெறும் வெளி அமைப்புக்கு மூன்றாண்டு அனுபவமும் மேற்சொன்ன வரிப் பதிவுகளும், நிறுவன விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவும் தேவை. அதுவரை உங்களைத் தாங்கப்போவது தெருவிலுள்ள கடைகளும் குடும்பங்களும் மாதந்தோறும் தரும் சிறு தொகைகளே. ஒருவர் ஒரே தடவையாகப் பெருந்தொகை கொடுப்பதைவிட, நூறு பேர் மாதம் இருநூறு ரூபாய் தருவது மேலானது: மாதம் 20,000 ரூபாய் உறுதியாக வந்தால் தொலைபேசிப் பொறுப்பாளரின் அரைநாள் சம்பளத்தைத் தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். ஆறு மாதச் சம்பளம் வங்கியில் சேர்ந்த பிறகு ஆளை நியமியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் எங்கள் குழுவுக்குப் பணம் அனுப்ப விரும்புகிறான். என் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் கொடுத்துவிடலாமா?
– வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

பதில்: உங்கள் மகன் இன்னும் இந்தியக் குடிமகனா என்பதே இங்கே கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ் வரும். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதைத் தொடக் கூடாது. உங்களுக்கு அவர் அனுப்புவதில் தடையில்லை. ஆனால் அதே பணத்தை நீங்கள் சங்கத்துக்குக் கைமாற்றினால் அதுவும் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். அந்தப் பதிவுக்கு மூன்றாண்டு இயக்கமும், அந்த ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும் என்பதால், இப்போதைக்கு அந்த எண்ணத்தை ஒத்திவையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவைத் தொடங்கிய பெரியவர் பொறுப்பை யாரிடமும் விடமாட்டேன் என்கிறார். இளையவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். அவர் மனம் நோகாமல் என்ன செய்வது?
– வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: அவர் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அச்சம் இருக்கும்: தாம் விட்டுவிட்டால் அதிகாலையில் வாசலில் காத்திருக்கும் நோயாளியை யாரும் நினைக்கமாட்டார்கள் என்ற அச்சம். அது நியாயமான அச்சம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அது நீங்காது. ஒரு வாரத்துக்கு மட்டும் அட்டவணையை வேறொருவர் போடட்டும், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அடுத்த மாதம் இரண்டு வாரங்கள் என்று விரியட்டும். தவறிய பயணம் ஒன்றுகூட இல்லாமல் சில வாரங்கள் கடந்தால் அவரே மெல்லத் தளர்வார். சங்கமாகப் பதிவு செய்யும்போது தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு இத்தனை ஆண்டு என்று விதிமுறையிலேயே எழுதிவிட்டால், அது அவருக்கு எதிரான ஏற்பாடாகத் தோன்றாது. அவருக்குப் புதிய தொண்டர்களைப் பழக்கும் பொறுப்பைத் தாருங்கள். நோயாளியை எப்படித் தாங்கிப் பிடிப்பது, எந்த மருத்துவமனையில் எந்த வாசலில் வண்டியை நிறுத்தலாம் என்பதை அவரைப் போல் அறிந்தவர் உங்களிடையே வேறு யார் இருக்கிறார்கள்?

இளையவர்களைப் பொறுத்தவரை, மாதம் ஓர் அரைநாள் என்று அளவாகக் கேளுங்கள். எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டால் நல்ல மனமுள்ளவர்களும் ஓடிவிடுவார்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் பெரிய வாட்ஸ்அப் குழுவில் எழுதும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். வண்டி எடுப்பவருக்கு மட்டும், வேண்டிய விவரத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

கேள்வி: மருத்துவமனைகள் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதேனும் உதவி செய்யுமா?
– வாசகி, மர்பி டவுன், பெங்களூரு

பதில்: பணம் கேட்காதீர்கள், நேரம் கேளுங்கள். டயாலிசிஸ் பிரிவுகள் காலை, நண்பகல், மாலை என்று சுற்றுகளாக நடக்கின்றன. ஒரே தெருவைச் சேர்ந்த மூவர் மூன்று வேறு சுற்றுகளில் இருந்தால் மூன்று வண்டிகள் போக வேண்டும். ஒரே சுற்றில் இருந்தால் ஒரே வண்டி போதும். நோயாளிகளின் சம்மதத்தோடு அவர்கள் பெயர்களையும் இப்போதைய சுற்றுகளையும் எழுதி, இடம் காலியாகும்போது இவர்களை ஒரே சுற்றுக்கு மாற்ற இயலுமா என்று கேட்டு, டயாலிசிஸ் பிரிவின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சிகிச்சை முடிய அரை மணி நேரம் இருக்கும்போது உங்கள் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்ப முடியுமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்; திரும்பும் வண்டி வீணாகக் காத்திருப்பது அதனால் குறையும். இந்தக் கடிதத்துக்குச் சங்கப் பதிவு எண் தேவையில்லை. இந்த வாரமே கொடுக்கலாம்.